பின்னறைக் காட்டைக் கவ்வாத்து செய்த கதை

தூரிக்கொம்பை எஸ்டேட் கீழ் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், சிவபாக்கியத்தின் வீட்டுப் பின்னறைக்குள் காடு வந்து சேர்ந்த வருஷம், பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் ஃபாக்டரி பாதி நாள் மூடிக் கிடந்த வருஷம், உறைபனி முன்கூட்டியே விழுந்து கொழுந்தையெல்லாம் கருக்கிப்போட்ட வருஷம், ஆகையால் ஒரு வீட்டுக்குள் காடு வந்ததைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. வந்தது, இருந்தது, அதை என்ன செய்வது என்று யோசித்தோம், யோசித்ததைவிட அதிகமாகச் செய்துவிட்டோம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

காட்டுக்கு முன்னால் சாவு வந்தது. சிவபாக்கியத்தின் புருஷன் நடேசலிங்கம் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர், சம்பள நாளில்கூட நேராக வீட்டுக்கு வருகிறவர். தேயிலை மேல் படர்ந்த கொடியை அறுக்கலாம் என்று செடியை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு தோட்டத்தின் மேல் ஓரத்துக்குப் போனவர், புதருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கரடியோடு முட்டிக்கொண்டார். கரடிக்கும் இவர் வருவது தெரியாது, இவருக்கும் கரடி வருவது தெரியாது. அது ஒரு அடி அடித்தது, இவர் ஒரு வீச்சு வீசினார், அதற்கு இடது காதில் பாதி போயிற்று, இவருக்கு முகத்தில் பாதி போயிற்று, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். அவர் தானாகவே நடந்து ஃபாக்டரி வரைக்கும் வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோகிற வழியில், மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடப் போன சிவபாக்கியம், இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அதைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

அவள் அழவில்லை. எடுக்கும்போது அழுவாள் என்றார்கள், அழவில்லை. பால் தெளிக்கும்போது அழுவாள் என்றார்கள், அழவில்லை. தாலி கழற்றும்போது கல்லும் அழும், இவள் அழாமலா போவாள் என்றார்கள். அவள் "சீக்கிரம் கழட்டுங்க, கழுத்து அரிக்குது" என்றாள். அதற்கப்புறம் அவள் கொதிக்கிற டீயை ஆற்றாமல் குடித்தாள், உப்பில்லாத சோற்றை உப்பில்லை என்று தெரியாமல் தின்றாள், யார் எதைச் சொன்னாலும் "சரி" என்றாள். பக்கத்து வீட்டு லீலாவதி, அவளோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளுகிறவள், "கத்துடி அக்கா, என்னையாவது திட்டு" என்று கெஞ்சிப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு சிவபாக்கியம் அடுத்த செடிக்குப் போனாள். எங்களுக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் வீடு போகிற காரியம் ஒன்று இருந்தது. லைன் வீடு வேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. பேர் பதிந்த தொழிலாளி இருக்கிறவரை வீடு இருக்கும், தொழிலாளி போனால் வீடும் போகும். நடேசலிங்கத்துக்குப் பேர் இருந்தது. சிவபாக்கியம் கடைசிவரைக்கும் தற்காலிகம். ஒரே மகள் மேகலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டு, நாலு பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் கோபிநாத் கெட்டவர் இல்லை, ஒவ்வொரு தீபாவளிக்கும் நடேசலிங்கம் வீட்டில் அதிரசம் தின்றவர்தான். அவர் வந்து வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல், பனி முடிகிறவரைக்கும் இருந்துக்கோம்மா என்றார். அவள் சரி என்றாள். இருபத்துச்சொச்சம் வருஷம் புருஷனோடு வாழ்ந்த ஒரே வீடு, அவர் இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம், அதை விட்டுப்போக ஒருத்தி இவ்வளவு சுலபமாகச் சரி சொல்வாள் என்று ரைட்டரே எதிர்பார்க்கவில்லை.

பின்னறையில்தான் விறகு போட்டிருந்தாள். ஒரு காலையில் விறகு எடுக்கக் கதவைத் திறந்தபோது உள்ளே காடு இருந்தது. நாவலும் அத்தியும் பேர் தெரியாத பெரிய மரங்களும், அவற்றின் மேல் பாசியும், நடுவே ஓடுகிற தண்ணீர்ச் சத்தமும், மூட்டமும், கறையான் புற்றுகளும் இருந்தன. பத்துக்குப் பத்து அறை. நடந்தால் ஒரு காலைப் பொழுது முழுக்க நடக்கலாம், எதிர்ச்சுவர் வராது. வெளியிலிருந்து பார்த்தால் பின்சுவர் பின்சுவராகவே இருந்தது, லீலாவதியின் துணிக்கொடியின் ஒரு முனை அதில்தான் கட்டியிருந்தது. சிவபாக்கியம் கீழே கிடந்த சுள்ளியில் ஒரு கை பொறுக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, டீ வைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். விறகு ஏன் இப்படி ஈரமாகப் புகைகிறது என்று லீலாவதி கேட்ட பிறகுதான், "பின்னால காடு வந்திருக்கு, அதான்" என்றாள்.

முதலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போய்ப் பார்த்தோம். யாரோ நிலைக்கு மஞ்சள் பூசினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மேல் லைனிலிருந்து குழந்தை இல்லாத ஒரு தம்பதி வந்து நாவல் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். ரைட்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கூரை ஒழுகினால் எஸ்டேட் பொறுப்பு, இது எந்தக் கணக்கிலும் வராது என்றார். தொழிற்சங்கத்துக்காரர் வந்து, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி காடு தரவேண்டும் என்று கேட்போம் என்றார். சாமி எதுவும் ஏறி வாக்குச் சொல்லாததாலும், தொட்டில் கட்டியவர்களுக்கு ஒன்றும் நடக்காததாலும், கொஞ்ச நாளில் செருப்போடு போனோம், அப்புறம் கோடாலியோடு போனோம், அப்புறம் ஆடுகளோடு போனோம். அவள் முன்னறையில் சோறு தின்றுகொண்டிருப்பாள், நாங்கள் அவள் தட்டைத் தாண்டிப் போவோம், வருவோம். ஒருமுறைகூட அவள் ஏன் என்று கேட்டதில்லை.

கூட்டம் சேர்ந்தால் சண்டையும் சேரும். இது என் பக்கம், அது உன் பக்கம் என்று ஆளுக்கொரு துண்டாகக் காட்டைப் பிரித்துக்கொண்டோம். பிரித்ததற்கு வேலி வேண்டுமே, சீக்கிரம் வளர்கிற வேலி என்றால் உண்ணிச்செடிதான், குச்சி ஒடித்து நட்டால் போதும், அதை நட்டோம். விறகு தீர்ந்துபோகுமே என்று, விறகுக்கு வளர்க்கிற சீகை மரத்து விதையைத் தூவினோம். தூவியதும் நட்டதும் எங்கள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. அடுத்த மழைக்குள் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு ஏறி அத்தியை மூடியது, சீகை கூட்டம் கூட்டமாக எழுந்து ஓடைத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது, எங்கள் துண்டுகள் எங்கே என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கரடி வெளியே வர ஆரம்பித்தது. அது காட்டோடு வந்ததா, காட்டைத் தேடி வந்து சேர்ந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும். நடேசலிங்கம் படத்துக்கு முன்னால் சிவபாக்கியம் ஏற்றி வைத்திருக்கும் காமாட்சி விளக்கை ஊதி அணைத்து எண்ணெயைக் குடிக்கும், திரியைத் துப்பும், முன்கதவு வழியாகப் போய்விடும். அவள் காலை மடக்கி அதற்கு வழி விடுவாள், விளக்குக்குத் திரும்ப எண்ணெய் ஊற்றுவாள்.

"அக்கா, அதோட காதப் பாத்தியா?" என்று லீலாவதி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தேன்."

"அதேதானா?"

"அதேதான். இடது காது."

"அப்பறம் ஏன்டி கதவத் திறந்து வச்சிருக்க?"

"சாத்தினா உடைச்சிரும். கதவு எஸ்டேட்டுது."

லீலாவதி இதை எங்களிடம் வந்து சொன்னாள். புருஷனைக் கொன்றது தினமும் வீட்டுக்குள் வந்து, அவருக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, இவள் கதவைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

எங்கள் கவலை வேறு மாதிரி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரடி அவள் வீட்டு விளக்கோடு நிற்கவில்லை. மாரியம்மன் கோயில் கதவை உடைத்து அகல் எல்லாவற்றையும் நக்கியது, சத்துணவுக் கூடத்தில் புகுந்து எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியது, பிள்ளைகள் இரண்டு நாள் எண்ணெய் இல்லாத சாம்பார் தின்றார்கள். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வனத்துறைக்குச் சொன்னோம். ரேஞ்சர் தமயந்தி வந்தார், தாராபுரத்துப் பக்கத்துப் பெண், உயரமானவர், வீட்டுக்குள் வரும்போது "உள்ள வரலாமாங்க அம்மா?" என்று சிவபாக்கியத்திடம் கேட்டுவிட்டு வந்தவர். அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை. பின்னறைக்குள் போனவர் மத்தியானத்துக்குத்தான் திரும்பினார், காலெல்லாம் அட்டைக்கடி, சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"கரடி திமிர்ல வெளிய வரல. உள்ள அதுக்குத் திங்க ஒண்ணுமில்ல. புத்து பூரா உண்ணிச்செடிக்கு அடில போயிருச்சு, அத்தி காய்க்கல, ஓடை வத்திருச்சு. படுத்தா எந்திரிச்சுப் போக வழி இல்லாம முள்ளு."

"புடிச்சு வேற காட்டுல விட்டுருங்க மேடம்" என்றார் மேஸ்திரி பெரியண்ணன். எங்கள் கவ்வாத்துக் கோஷ்டிக்குத் தலைவர் அவர்தான்.

ரேஞ்சர் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். மலை மலையாகத் தேயிலை, அதற்கு அப்பாலும் தேயிலை. "எந்தக் காட்டுல அண்ணா?" என்றார்.

அவர் திட்டம் நல்ல திட்டம், இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது. உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க வேண்டும், சீகையை அடியோடு வெட்ட வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது, விழுந்த மரத்தைக்கூட நகர்த்தக்கூடாது, அது கறையானுக்கு, கறையான் கரடிக்கு. முடிந்ததும் ஆடு, கோடாலி, ஆள், ஒன்றும் உள்ளே போகக்கூடாது. வேலைக்குக் கூலி உண்டு என்றதும் எல்லோரும் தலையாட்டினோம், ஃபாக்டரி மூடிக் கிடக்கிற நேரம் வேறு. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, மேலதிகாரிகள் கூப்பிட்ட ஏதோ பயிற்சிக்கு ரேஞ்சர் போய்விட்டார். அங்கேதான் வந்தது வினை.

உண்ணிச்செடியைப் பிடுங்கினோம், சொன்னபடிதான். சீகையை வெட்டினோம், அதுவும் சொன்னபடிதான். வெளிச்சம் உள்ளே விழுந்தது, அப்போதுதான் அந்தக் காட்டை நாங்கள் முழுசாகப் பார்த்தோம், பார்த்ததும் மனசுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மரம் உயரம், ஒரு மரம் குட்டை, ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்று அந்தப் பக்கம், கொப்பெல்லாம் தலைவிரி கோலம். பிறந்ததிலிருந்து இடுப்பு உயரத்தில் மட்டமாக நிற்கிற பச்சையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது செடி மாதிரி இல்லை, கவனிப்பார் இல்லாமல் விட்ட பிள்ளை மாதிரி இருந்தது. பெரியண்ணன் ஒரு நாவல் கொப்பை, வழியில் தொங்குகிறதே என்று, சும்மா ஒரு வீச்சு வீசினார். அதற்குப் பக்கத்துக் கொப்பு இப்போது நீளமாகத் தெரிந்தது, அதை இன்னொருத்தர் வீசினார். அதற்கு அடுத்த மரம் உயரமாகத் தெரிந்தது. சாயந்தரத்துக்குள் ஆளுக்கொரு நிரை பிரித்துக்கொண்டோம். மறுநாள் மட்டக்கம்பு கொண்டுவந்து, செடிக்கு மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினோம். கூலிக்கு மேல் வேலை பார்த்தோம், ஒருத்தரும் பீடிக்குக்கூட வெளியே போகவில்லை, பெண்கள் பாட்டே பாடினார்கள். நானும் கத்தி பிடித்தவன்தான். அத்தி, நாவல், பலா, பேர் தெரியாத பெரிய மரங்கள், எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி, நடுநடுவே கால் வைத்து நடக்க வழி விட்டு, அடிவானம் வரைக்கும் ஒரே மட்டமாக்கிவிட்டோம். நடுவே தனியாகத் தெரிந்த கரடியைத் தவிர்த்துவிட்டுச் சொன்னால், அவ்வளவு சுத்தமான கவ்வாத்தை அந்த மலையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரேஞ்சர் திரும்பி வந்து பின்னறைக் கதவைத் திறந்து நின்றார்.

"மட்டக்கம்பு வச்சுப் பாருங்க மேடம்" என்றார் பெரியண்ணன். "ஒரு எடத்துல ஏத்த எறக்கம் இருக்காது."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிவபாக்கியத்திடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்தார். "துளிர்க்கும். வேர் இருக்கு, துளிர்க்கும். இனிமே நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தீங்கன்னா அதுதான் வேலை" என்றார்.

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கும் நிரை பிரிச்சுக் குடுப்பீங்களா மேடம்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

கரடி அந்தப் பச்சைக்கு நடுவே நின்றது. கதவைத் திறந்தாலே தெரிந்தது, எங்கே போனாலும் தெரிந்தது. தேனீ போய்விட்டது, நிழல் போய்விட்டது, படுத்தால் மறைகிற அளவுக்குக்கூட எதுவும் இல்லை. அது நிரைகளுக்கு நடுவே சூப்பர்வைசர் மாதிரி மேலும் கீழும் நடந்தது. லைன் நாய்கள் கதவருகே உட்கார்ந்து அதைப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்தன. வெயில் ஏறினால் அது முன்னறைக்கு வந்து, சிவபாக்கியத்தின் அரிசிப் பானைக்குப் பின்னால் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்தது.

இப்படி இருந்தபோதுதான் ஒவ்வொருவராகச் சிவபாக்கியத்திடம் போனார்கள். ரேஞ்சர் போய், காடு திரும்ப வளர்கிறவரைக்கும் அதற்கு ஒரு இருட்டும் ஒரு கூரையும் வேண்டும், உங்கள் முன்னறையைத் தவிர இடம் இல்லை, ஆள் வாசனையும் சோற்று வாசனையும் இல்லாமல் வீட்டை விட்டுத் தரவேண்டும், எஸ்டேட்டோடு நான் பேசிக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் மாட்டேன் என்றால் நான் பேசவே மாட்டேன், அது உங்கள் புருஷனைக் கொன்றது என்று எனக்குத் தெரியும் என்றார். அவள் சரி என்றாள். லைன் ஆம்பிளைகள் போய், இப்போதுதான் அது நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது, கம்பியில் கரண்ட் கொடுத்தால் ஒரே நிமிஷம், உன் புருஷனுக்காகத்தான் செய்கிறோம், நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவள் சரி என்றாள். ரைட்டர் போய், பனி முடிந்து நாளாகிவிட்டது, மேலே கேட்கிறார்கள், பூட்டுப் போட வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றாள். மேகலா போனில் அழுது, அம்மா அந்த வீடும் வேண்டாம் அந்தக் கரடியும் வேண்டாம், தனி அறை பார்த்துவிட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். சரி வா என்றாள் அவள். எஸ்டேட்டில் கல்யாணமோ சண்டையோ முடிவெட்டுவதோ எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைதான். நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் தாண்டியதும் சிவபாக்கியத்தின் வாசல் சந்தைக்கடையாகிவிட்டது. கோத்தகிரியிலிருந்து ஆட்டோ பிடித்துக்கொண்டு மேகலா இரண்டு கட்டைப்பைகளோடு வந்து இறங்கினாள். ரைட்டர் புதுப் பூட்டோடு வந்தார். ரேஞ்சர் "உள்ளே நுழையாதீர்" பலகையோடும் வனக்காவலர்கள் இருவரோடும் வந்தார். நாங்கள் கம்பிச் சுருளோடு மூங்கில் கழிகளைச் சேலையில் சுற்றி மறைத்துக்கொண்டு வந்தோம், மறைத்ததை ரேஞ்சர் பார்த்துவிட்டார். ஒவ்வொருவரும் அவள் தங்களிடம் சரி சொல்லிவிட்டாள் என்றார்கள். எல்லோரும் சொன்னது உண்மை.

"அது எங்க வீட்டு ஆள அடிச்சது மேடம். நாங்க என்ன செய்யணுங்கிறீங்க? மாலை போடணுமா?" என்றார் பெரியண்ணன்.

"கம்பியக் கீழ வைங்க அண்ணா. அப்பறம் பேசலாம்."

"யாரும் பேச வேணாம். எங்கம்மா எங்கூட வருது" என்று மேகலா குறுக்கே வந்தாள். "அம்மா, பையத் தூக்கிட்டு வெளிய வாம்மா."

உள்ளே அவள் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம், ரேஞ்சரும் எங்களோடு தலையை முட்டிக்கொண்டு பார்த்தார். நாய்ச் சத்தமும் எங்கள் சத்தமும் தாங்காமலோ என்னவோ, பின்னறையிலிருந்து கரடி வந்தது. அவளைப் பார்த்தது, அவளும் அதைப் பார்த்தாள், காலை மடக்கி வழி விட்டாள். அது முன்கதவுக்கு வரவில்லை. அறையைச் சுற்றி ஒரு தடவை மோந்துவிட்டு, சுவரோரம் போய்ப் படுத்தது.

அந்தச் சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே, சுண்ணாம்பில் வட்டமாக ஒரு கறை இருந்தது. நடேசலிங்கம் தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிறவர். வேலை முடிந்து வந்து, அந்தச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, டீ வருகிறவரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், ராத்திரி அதே இடத்தில்தான் படுப்பார். இத்தனை வருஷத்து எண்ணெய் அந்தச் சுண்ணாம்பில் இறங்கியிருந்தது. கரடி மூக்கைக் கொண்டுபோய் அதில் வைத்தது. பிறகு நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. அதன் நாக்கு சொரசொரப்பானது; சுண்ணாம்பு பொடிப்பொடியாகக் கீழே விழுந்தது.

சிவபாக்கியம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏய்" என்றாள். "அத நக்காத."

அது நக்கியது.

"அது அவரு தல வச்ச எடம். நக்காதன்னு சொல்றேன்ல." அவள் போய் அதன் முகத்தைக் கையால் பிடித்துத் தள்ளினாள். ஜன்னலில் எங்களோடு நின்ற காவலர் ஒருவர் கரடியை விரட்டப் பட்டாசைத் தேடினார், ரேஞ்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளக்குல குடிச்ச, ஏதாச்சும் சொன்னனா? கோயில்ல குடிச்ச, கேட்டனா? இது உனக்குக் கெடையாது. எந்திரி. எந்திரிச்சு அந்தப் பக்கம் போ. அது என் எடம், அங்க படுத்துக்க, எத்தன நாளு வேணா படுத்துக்க. இது அவரு எடம்."

கரடி அவளை அண்ணாந்து பார்த்தது. அரைக் காது ஒரு தடவை ஆடியது. அது எழுந்து, உடம்பைக் குலுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

அவள் கறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பாதி போயிருந்தது, பாதி இருந்தது, இருந்ததும் எச்சிலில் ஈரமாக இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து, அவர் சாய்கிற மாதிரியே அந்த இடத்தில் தலையைச் சாய்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. முதலில் இருமல் மாதிரி வந்தது, தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தோம், பிறகு வாய் திறந்து "என்னங்க" என்று ஒரு சத்தம் போட்டாள், அது மேல் லைன் வரைக்கும் கேட்டது. எங்களில் பல பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் பொய் சொல்லவில்லை.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி முதல் குரல் எடுக்காமல் மற்றப் பெண்கள் ஒப்பாரி எடுக்கக்கூடாது, அவள் எடுத்துவிட்டால் எடுக்காமல் இருக்கக்கூடாது. ஒப்பாரி நடக்கிற வீட்டிலிருந்து சாமான் வெளியே போகாது, வீட்டைப் பூட்டக்கூடாது, அந்த வாசலில் யாரும் இரும்பு தூக்கக்கூடாது. லீலாவதி கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே ஓடினாள். பின்னால் மேகலா போனாள், அவளுக்குப் பின்னால் கீழ் லைன் பெண்கள் எல்லோரும் போனார்கள். சிவபாக்கியத்தைச் சுற்றித் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்ன அறை, இடம் பற்றவில்லை, யாரோ ஒருத்தி கரடியின் பின்னங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினார். லீலாவதி அழுகையோடு அழுகையாகக் கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டாள், அவரும் போய் உட்கார்ந்தார்.

வெளியே ஆம்பிளைகள் கம்பியையும் கழியையும் வேலியோரமாகக் கீழே வைத்தோம். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்தார். ரைட்டர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல், பெரியண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்ப முடியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்பத்தான சார் ஆரம்பிச்சிருக்கு" என்றார் பெரியண்ணன்.

ரைட்டர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.